தட்டு யார் கையில்?

உணவு விளம்பரங்களில் ஆசியர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு பதில் எழுதினேன். கள்ளக்குறிச்சி மாவட்டம் பிடித்துக்கொண்டது. இந்த வாரம் முழுக்க அவர்கள் ராஜ்ஜியம். மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வாரம் வருகிறேன்.

கல்லூரி மாணவர், கள்ளக்குறிச்சி: எங்க ஊர் பாஸ்ட் புட் வண்டி எல்லாத்துலயும் ஒரே சீனாக்காரர் படம். கூம்புத் தொப்பி, எலிவால் மீசை, கோடு இழுத்த மாதிரி கண்ணு. யார் சார் அவர்?

ஊரும் இல்லை, பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. பிளக்ஸ் அடிக்கிற கடையின் கம்ப்யூட்டரில் குடியிருப்பவர். 'சைனீஸ்' என்று தட்டினால் ஒரு டிராகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

அவருக்குக் கீழே 'சிக்கன் மஞ்சூரியன்' என்று எழுதியிருக்கும், பாருங்கள். மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் விழிப்பார்கள். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சீன வம்சாவளிச் சமையல்காரர் 1975-ல் பம்பாயில் செய்து பார்த்த பண்டம் அது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம்மூர்த் தாளிதத்தை வதக்கி, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றினார். இப்படி முகமும் முகவரியும் உள்ள ஒரு நிஜ இந்தியச் சீனர் இருக்கும்போது, பேனரில் நிற்பது தொப்பிக்காரர். வாணலியைத் தூக்கிக் குலுக்குகிற தம்பியோ பெரும்பாலும் பக்கத்து கிராமம்.

ஜவுளிக்கடை ஊழியர், சின்னசேலம்: தொப்பி போட்டா என்ன சார் குடி முழுகிப்போச்சு?

தொப்பி நல்ல தொப்பி. நடவு வயலில் வெயிலுக்கும் மழைக்கும் அதை அடிக்க ஆள் இல்லை. அதைப் போட்டிருப்பவரைக் கோமாளியாக்குவதில்தான் தகராறு.

1964-ல் அமெரிக்காவின் பில்ஸ்பரி கம்பெனி குழந்தைகளுக்கென்று சர்பத் தூள் விட்டது. ஒவ்வொரு பழச்சுவைக்கும் ஒரு கார்ட்டூன் முகம். செர்ரிக்கு 'சைனீஸ் செர்ரி': சாய்ந்த கண், துருத்திய பல். எதிர்ப்பு கிளம்பியதும் கொஞ்ச காலத்தில் அந்த முகத்தை எடுத்துவிட்டு, 'சூ சூ செர்ரி' என்று ரயில் டிரைவர் ஒருவரைப் போட்டார்கள். துருத்திய பல் இல்லாமலும் சர்பத் கரைந்தது.

பள்ளி ஆசிரியை, கச்சிராயப்பாளையம்: ஒரு விளம்பரம் மக்களை மதிக்கிறதா, கேலி செய்கிறதா என்று என் மாணவிகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது? ஏதாவது சுலபமான வழி உண்டா?

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். படத்தில் தட்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று பாருங்கள்.

பிரிட்டனில் 'கேம்ப் காபி' என்று ஒரு சரக்கு. காபியும் சிக்கரியும் கலந்த எசன்ஸ், பாட்டிலில் வரும், வெந்நீரில் ஊற்றிக் கலக்க வேண்டியதுதான். கிளாஸ்கோ நகரத்து பேட்டர்சன் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் விற்கத் தொடங்கியது. லேபிளில் ஒரு ராணுவக் கூடாரம். அதன் முன்னால் கட்டம் போட்ட பாவாடை உடுத்திய ஸ்காட்லாந்து அதிகாரி உட்கார்ந்து காபி குடிக்கிறார். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய சீக்கியர் தட்டோடு நிற்கிறார். பல பத்தாண்டுகள் நின்றார். அப்புறம் யாருக்கோ உறுத்தி, தட்டை மட்டும் அழித்தார்கள். பாவம், கையில் ஒன்றும் இல்லாமல், ஏன் நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றார். 2006-ல்தான் லேபிளை மாற்றி, அவரையும் உட்காரவைத்து, கையில் ஒரு கோப்பை கொடுத்தார்கள். இந்தியா விடுதலை பெற்று 59 வருடம் கழித்து!

மாணவிகளை வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் யார் பரிமாறுகிறார், யார் சாப்பிடுகிறார் என்று எழுதி வரட்டும். அப்பா பரிமாறுகிற பாக்கெட் கிடைத்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர், சங்கராபுரம்: டீத்தூள் பாக்கெட்டில் கொழுந்து பறிக்கிற பெண் எப்போதும் சிரித்த முகமாகவே இருக்கிறாளே, எப்படி?

பாக்கெட்டில் மழை பெய்யாது, ஐயா. அட்டையும் கடிக்காது.

தாமஸ் லிப்டன் 1890-ல் இலங்கைக்குப் போய்த் தோட்டங்களை வாங்கினார். தேயிலை தோட்டத்திலிருந்து நேராக உங்கள் தேநீர்க் கெண்டிக்கு வருகிறது என்பது அவர் விளம்பரத்தின் சாரம். நடுவில் ஆளே இல்லாதது போல ஒரு பேச்சு. ஆனால் படத்தில் ஆள் உண்டு: சேலை கட்டி, முதுகில் கூடை தொங்க நிற்கிற தமிழ்ப் பெண். சேலம், திருச்சி, மதுரை, தென்னாற்காடு என்று பல ஜில்லாக்களிலிருந்து, ஆள் பிடிக்கிற கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்களில் ஒருத்தி. உங்கள் சங்கராபுரமும் கள்ளக்குறிச்சியும் அன்றைக்குத் தென்னாற்காடுதான். இலங்கை 'கண்டிச் சீமை' என்று உங்கள் பாட்டனார் காலத்துக் கதையில் வரும்.

அந்தக் கூடையின் கயிறு நெற்றியில் அழுந்தும். கொழுந்து நிறைய நிறைய, கழுத்து முன்னால் வளையும். லேபிளில் வளைவதில்லை.

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அந்தத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். இத்தனை காலமும் படத்திலிருந்த பெண் மட்டும் பாஸ்போர்ட் கேட்காமல் உலகம் சுற்றிக்கொண்டிருந்தாள், அதே சிரிப்போடு.

இல்லத்தரசி, உளுந்தூர்பேட்டை: என் தம்பி சிங்கப்பூரில் இருக்கான். அங்கே எல்லா இனத்துக்கும் ஒரே மரியாதைன்னு சொல்றான். அங்கேயுமா இந்தக் கூத்து?

தம்பி சொல்வதில் பெரும்பகுதி உண்மை. அதனால்தான் 2019 ஜூலையில் வந்த ஒரு விளம்பரம் அப்படி வெடித்தது.

அங்கே ஹாக்கர் சென்டர் என்கிற சாப்பாட்டுக் கூடங்களிலும் காபிக் கடைகளிலும் சில்லறை தேடாமல் போனிலேயே பணம் கட்ட 'ஈ-பே' என்று ஒரு வசதி. எல்லா இனத்தாரும் பயன்படுத்தலாம் என்று காட்ட வேண்டும். நாலு இனத்துக்கு நாலு பேரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டது ஒரே ஒருவரை: சீன நடிகர் டென்னிஸ் சியூ. அவருக்கே முக்காடு போட்டு மலாய்ப் பெண்ணாக்கினார்கள். அவருக்கே முகத்தில் கறுப்பைப் பூசி இந்தியராக்கினார்கள். அந்த இந்தியருக்கு வைத்த பெயர் கே.முத்துசாமி.

தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற நாடு அது. ஒரு நிஜ முத்துசாமி கிடைக்கவில்லையாம்!

பிரீத்தி நாயர், சுபாஸ் நாயர் என்ற உடன்பிறப்புகள் 'கே.முத்துசாமி' என்ற தலைப்பிலேயே ஒரு ராப் வீடியோ போட்டு விளாசினார்கள். சீனர்களைக் கெட்ட வார்த்தையில் வைதிருந்தார்கள். விளம்பரம் எடுத்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். விளம்பரம் ரசக்குறைவாக இருக்கலாம், விதிமீறல் இல்லை என்று முடிவானது. பாட்டுப் போட்டவர்களுக்குப் போலீஸின் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை. வசவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் முகத்தில் பூசியவருக்கு ஒரு தராசு, அதைப் பார்த்துக் கத்தியவருக்கு வேறு தராசு என்றால், முத்துசாமிக்குக் கொஞ்சம் வலிக்கத்தானே செய்யும்?

அதே வாசகியின் இரண்டாவது கேள்வி: சீனாக்காரங்களை இப்படிக் காட்டினா அவங்க சும்மா விடுவாங்களா?

விட மாட்டார்கள். 2018 நவம்பரில் டோல்சே அண்ட் கபானா என்ற இத்தாலியத் துணிக் கம்பெனி, ஒரு சீனப் பெண் பீட்சாவைக் குச்சியால் குத்திச் சாப்பிடத் திணறுவதை விளம்பரமாக்கியது. நூடுல்ஸை நூல் பிசகாமல் குச்சியில் எடுக்கிறவருக்குப் பீட்சா ஒரு பெரிய கம்பசூத்திரமா? ஷாங்காயில் நடக்கவிருந்த அவர்களுடைய பெரிய ஃபேஷன் ஷோ ரத்து. முதலாளிகள் இருவரும் கேமரா முன் உட்கார்ந்து, சீன மொழியிலும் மன்னிப்புக் கேட்டார்கள்.

விலை உயர்ந்த பையை வாங்குகிறவர் கோபித்தால் மன்னிப்பு அவர் மொழியிலேயே வரும். முத்துசாமி அந்தப் பையை வாங்குவதில்லை.

கணினிப் பயிற்சி மைய மாணவி, திருக்கோவிலூர்: அமெரிக்காவில் இந்தியர்கள் வசதியானவர்கள்தானே? அவர்களையும் கேலி செய்வார்களா?

2012-ல் சிப்ஸ் விற்க ஆஷ்டன் குட்சர் என்ற ஹாலிவுட் நடிகர் முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு, 'ராஜ்' என்ற பாலிவுட் தயாரிப்பாளராக வந்து பெண் தேடினார். எதிர்ப்பு வந்ததும் 'பாப்சிப்ஸ்' கம்பெனி அதை வாபஸ் வாங்கியது. உருளைக்கிழங்கு விற்க எதற்கம்மா ஜாதகம்?

பாஸ்ட் புட் மாஸ்டர், கள்ளக்குறிச்சி: அஜினோமோட்டோ போடுறியான்னு கேட்டு ஆளாளுக்கு என்னைக் கொலைகாரன் மாதிரி பார்க்கிறாங்க. நிஜமாவே விஷமா சார்?

மாஸ்டர், உங்கள் மீது விழுகிற அந்தப் பார்வைக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது.

1908-ல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகேடா கடற்பாசிக் குழம்பில் எது ருசி தருகிறது என்று பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது அது. மறு வருடமே கடைக்கு வந்தது. 1968-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டர், சீன ஹோட்டலில் சாப்பிட்டால் தனக்குப் பிடரி மரத்துப் போகிறது என்று மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் போட்டார். சோயா சாஸா, சமையல் ஒயினா, அஜினோமோட்டோவா, உப்பா என்று சந்தேகமாகத்தான் கேட்டிருந்தார். இதழ்க்காரர்கள் 'சீன ஹோட்டல் நோய்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். தலைப்பு நின்றது, சந்தேகம் மறைந்தது. சீன ஹோட்டல்காரர்கள் 'இங்கே அது போடுவதில்லை' என்று வாசலில் போர்டு மாட்டிக்கொண்டுதான் பிழைப்பு நடத்த வேண்டியிருந்தது. அந்தப் போர்டின் பேரன்தான் இப்போது நம்மூர்ப் பாக்கெட்டுகளில் சின்ன எழுத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அந்த நோய் ஒழுங்காகப் பிடிபடவே இல்லை. அஜினோமோட்டோவில் ருசி தருகிற அதே குளூட்டமேட் தக்காளியிலும் சீஸிலும் இயல்பாகவே இருக்கிறது. இத்தாலிய ஹோட்டல் நோய் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 2020-ல் அஜினோமோட்டோ கம்பெனியே கிளம்பி, மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் இருந்த 'சீன ஹோட்டல் நோய்' பதிவைத் திருத்தச் சொன்னது. திருத்தினார்கள்.

அதற்காக அள்ளிக் கொட்டாதீர்கள், அதிலும் சோடியம் உண்டு. கேட்கிறவர்களிடம் போடுவதைப் போடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெயை எத்தனை முறை காய்ச்சுகிறீர்கள் என்று எவராவது கேட்டால் மட்டும் பயப்படுங்கள்.

டெலிவரி இளைஞர், தியாகதுருகம்: வெளிநாட்டுக்காரன் செய்றது இருக்கட்டும். நம்ம கம்பெனிங்க யோக்கியமா?

2023 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். சொமேட்டோ ஒரு விளம்பரம் விட்டது. 'லகான்' (2001) படத்தில் கச்ரா என்ற தலித் பாத்திரத்தில் நடித்த ஆதித்ய லாகியாவைக் கொண்டுவந்து, அவரையே விளக்காக, மேசையாக, பூந்தொட்டியாக நிறுத்தினார்கள். குப்பையை மறுசுழற்சி செய்கிறோம் என்று சொல்லவாம். கச்ரா என்றால் இந்தியில் குப்பை.

படத்தில் அந்த மனிதன் பந்து வீசி ஊரை ஜெயிக்கவைப்பான். இருபத்திரண்டு வருடம் கழித்து வந்த விளம்பரத்தில் அவனுக்குப் பந்துகூடக் கிடையாது. சில நாளில் வாபஸ் வாங்கினார்கள். தேசிய தாழ்த்தப்பட்டோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. மேலே ஆசிரியைக்குச் சொன்ன சோதனை இங்கே இன்னும் ஒரு படி இறங்குகிறது. கேம்ப் காபிக்காரர் தட்டைத்தான் பிடித்தார், இவர் தட்டை வைக்கிற மேசையாகிவிட்டார்.

பட்டதாரி இளைஞர், வெள்ளிமலை: எங்க கல்வராயன் மலைப் பேரைப் போட்டு டவுன்ல தேன் விக்கிறாங்க. பாட்டில்ல இலையைக் கட்டிக்கிட்டு, தலையில இறகு வெச்ச ஆள் படம். நாங்க எப்போ சார் இலை கட்டினோம்?

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

இறகு அமெரிக்கப் பூர்வகுடிகளுடையது, அதுவும் சினிமாவில் காட்டியபடி. இலை யாருடையது என்று தெரியவில்லை, சென்னையில் ஏதோ மாறுவேடப் போட்டியில் மிஞ்சியதாக இருக்கும். உங்கள் பெரியவர்கள் வேட்டி, துண்டு, சேலை. நீங்கள் ஜீன்ஸ். 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் கிடந்த மலையில் பிறந்து, உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துப் பட்டம் வாங்கியவரை, ஒரு லேபிள் ஒரே நாளில் கற்காலத்துக்கு அனுப்புகிறது. வாங்குகிறவருக்கு 'சுத்தம்' என்று தோன்ற வேண்டுமாம். அதற்கு விற்கிறவர் துணி கட்டாமல் இருக்க வேண்டும்!

தேனைவிடச் சாமைக் கதை இன்னும் விசேஷம். உங்கள் வீட்டுப் பெண்கள் சாமையை உரலில் கொட்டி, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலில் கொட்டி, மறுபடி குத்துவார்கள். கை காய்த்துப்போகிற வேலை. அது சலித்துத்தான் பல வீடுகளில் ரேஷன் அரிசிக்கும், காட்டில் மரவள்ளிக்கும் மாறினார்கள். அவர்கள் விட்ட நேரம் பார்த்து, 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவிக்க, டவுன்காரர்கள் சாமையைப் பிடித்துக்கொண்டார்கள். பாக்கெட்டில் உரல் உண்டு, அழகாக, கோலம் போட்ட தரையில். காய்த்த கை கிடையாது.

உங்கள் மலைப் பெயரைப் போட்டு விற்கிறவரிடம், எந்த ஊரில், எந்தச் சந்தையில், யாரிடம் வாங்கினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தவர் அந்த ஊர்ப் பெயரை லேபிளிலேயே போடட்டும். படம் போட்டே தீர வேண்டும் என்றால், நிஜமாகத் தேன் எடுக்கிறவரிடம் அனுமதி வாங்கி, அதற்குப் பணமும் கொடுத்து, அவர் சட்டையோடு எடுக்கட்டும்.

சேகோ ஆலைத் தொழிலாளி, சின்னசேலம்: எங்க ஜவ்வரிசிப் பாக்கெட்டில் யார் படமும் இல்லையே. நாங்க தப்பிச்சோமா?

வேறு விதமாக மாட்டியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்துக் கிழங்கு, ஆத்தூர் சேலம் ஆலைகளில் பாலாகி, முத்தாகி, வெயிலில் காய்ந்து, லாரி ஏறி மகாராஷ்டிரம் போகிறது. அங்கே ஏகாதசி, நவராத்திரி விரதம் இருக்கிறவர்கள் சாபுதானா கிச்சடியாகச் சாப்பிடுகிறார்கள். அது எங்கே விளைகிறது என்று பந்தயம் கட்டிக் கேட்டுப் பாருங்கள். கேலியாகக்கூட உங்கள் முகம் அங்கே போய்ச் சேரவில்லை. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் ஊர்ப் பெயராவது போய்ச் சேருமா, பார்ப்போம்.

பேத்தி எழுதித் தர, ஒரு பாட்டி, கல்வராயன்மலை: எல்லாக் கம்புமாவு பாக்கெட்டிலும் என்னை மாதிரி ஒரு கிழவி படம் போடறாங்களே, காசு எனக்கு வருமா?

வராது, ஆத்தா. பொக்கை வாய்க்குக் காப்புரிமை கிடையாது.

வழக்கறிஞர், கள்ளக்குறிச்சி: 'ஐயர்', 'மாமி' என்று பெயர் வைத்து மசாலா, ஊறுகாய் விற்பது? அது புகழ்ச்சிதானே, கேலி இல்லையே?

புகழ்ச்சிக்குப் பின்னால் ஒரு கதவு சாத்தியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். 'இந்தச் சாதி கை பட்டால் சுத்தம்' என்று ஒரு பாட்டில் சொன்னால், மற்ற கைகளைப் பற்றி அது என்ன சொல்கிறது? ஹோட்டல் போர்டுகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் போராட்டம் தொடங்கினார். தொண்டர்கள் நாள்தோறும் போய்க் கைதானார்கள். போர்டு இறங்கிவிட்டது, வக்கீல் சார். மூடியில் ஏறிக்கொண்டது.

தொழிற்சங்கத்துக்காரர், மூங்கில்துறைப்பட்டு: வெளியூரில் போய் கள்ளக்குறிச்சின்னு சொன்னாலே 'சாராயமா?'ன்னு சிரிக்கிறான். கரும்பு, நெல், உளுந்து எதுவும் கண்ணுக்குத் தெரியலையா?

2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். சிரிக்கிறவர்களிடம் அதைச் சொல்லுங்கள், வாய் மூடும். கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு, மலையில் ஊறல் போட்டு இறக்குவதல்ல. ஆனாலும் பழி மலை மேல்தான் முதலில் ஏறியது. அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலைமையை வழக்காக எடுத்தபோதுதான், அங்கே சாலை இல்லாத ஊர்கள் இருப்பது பலருக்குச் செய்தியானது.

மளிகைக்கடைக்காரர், ரிஷிவந்தியம்: இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் யாரிடம் போவது?

1985-லிருந்து இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் என்று ஒன்று மும்பையில் இருக்கிறது. விளம்பரத் துறையே தனக்கு வைத்துக்கொண்ட வாத்தியார். இனம், சாதி, நிறம், பால், தேசம் எதையும் இழிவுபடுத்தக் கூடாது என்று அதன் விதியில் இருக்கிறது. ஆன்லைனில் புகார் தரலாம், செலவில்லை. மாற்று அல்லது நிறுத்து என்று சொல்வார்கள், விளம்பரதாரர்கள் பெரும்பாலும் கேட்பார்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி அபராதமும் உண்டு, முதல் தடவைக்கு 10 லட்சம் ரூபாய் வரை. ஆனால் அது ஏமாற்று விளம்பரத்துக்கு. 'இரண்டே வாரத்தில் உயரம்' என்று பொய் சொன்னால் மாட்டுவார்கள். முத்துசாமிக்குக் கறுப்புப் பூசினால் அந்தப் பிரிவில் வராது, ஏனென்றால் அவர் கறுப்புத்தானே என்பார்கள்.

பெயர் வேண்டாம், கள்ளக்குறிச்சி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் இதழின் பின் அட்டையில் வரும் சமையல் எண்ணெய் விளம்பரத்தைப் பார்த்தீர்களா? அம்மா நிற்கிறார், மற்ற எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

பார்த்தேன். உங்கள் கேள்வியை அப்படியே ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த இதழில் பின் அட்டை காலியாக இருந்தால் அவர் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். இந்தப் பக்கம் காலியாக இருந்தால் விளம்பரதாரர் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.